பிள்ளைகளுக்கு இரண்டு பரப்புக் காணி

மீள்குடியேற்றம் பற்றிப் பேச ஒரு கிராமத்து மக்கள் கூடும்போது, அங்கு எழும் தேவைகளின் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். வீடு, கிணறு, மலசலகூடம், பாதை, குளத்துத் திருத்தம், விதைநெல், உழவு இயந்திரம் என்று அது போகும். பிள்ளைகள் விளையாடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அந்த வரிசையில் கடைசியாக வரும். பல கூட்டங்களில் அது வருவதே இல்லை.

பெற்றோரிடம் கேட்டால் அவர்களிடம் நியாயமான பதில் இருக்கிறது. "எங்கள் ஊரில் பூங்கா இருக்கவில்லை. நாங்கள் விளையாடாமலா வளர்ந்தோம்?" என்பார்கள். இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அதற்குச் சரியான மறுமொழியைத் தேடினால், புதிய குடியேற்றத்தில் விளையாட்டிடம் ஏன் தேவைப்படுகிறது என்பது தானாகவே விளங்கும்.

பழைய ஊரும் புதிய குடியேற்றமும்

பழைய ஊரில் எவரும் பூங்கா அமைக்கவில்லை என்பது உண்மை. அமைக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. காலபோக அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகள் கிட்டி அடித்தார்கள். கோயில் வீதி மணலில் கிளித்தட்டுக்குக் கோடு கீறினார்கள். சூடு அடித்து முடிந்த களம், குளக்கட்டு, பெரியம்மா வீட்டுப் புளியமரத்தடி, ஒழுங்கை முடக்கு எல்லாமே விளையாட்டிடங்கள்தாம். திண்ணைகளில் இருந்த பெரியவர்களின் கண் அந்த இடங்களில் எப்போதும் இருந்தது. எந்தக் கிணற்றுக்குக் கட்டு இல்லை, எந்தப் பற்றையில் பாம்பு கிடக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. விழுந்து முழங்கால் உரசிய பிள்ளையை யாருடைய பிள்ளை என்று கேட்காமலே தூக்கிவிட ஆட்கள் இருந்தார்கள். பல தலைமுறை வாழ்ந்து உருவாக்கிய ஊர் அது.

புதிய குடியேற்றம் அப்படியானதல்ல. நில அளவையாளர் நேர்கோட்டில் பிரித்த துண்டுகளும் அவற்றுக்கு நடுவே ஒரு பாதையும் அங்கு உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு வேலி. பக்கத்து வளவில் இருப்பவர் வேறு ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லோருக்கும் உரிய இடம் அங்கே தானாக உண்டாகாது. ஆகவே பிள்ளைகள் பாதையில் விளையாடுகிறார்கள், அல்லது வீட்டுக்குள் கைத்தொலைபேசியுடன் முடங்குகிறார்கள், அல்லது நாம் அறியாத காட்டோரத்துக்குப் போகிறார்கள். பழைய ஊர் இலவசமாகத் தந்ததைப் புதிய ஊரில் நாமே திட்டமிட்டு ஒதுக்கவேண்டும். அதுவும் காணி பிரிக்கப்படும் காலத்திலேயே ஒதுக்கவேண்டும். பங்கிட்டு முடிந்த காணியிலிருந்து எவரும் பின்னர் ஒரு துண்டை வெட்டித் தரமாட்டார்கள்.

விளையாட்டு வீண்பொழுதா?

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் ஆடு கட்டவும் ஆள் தேவைப்படும் வீட்டில், விளையாட்டு வீண்பொழுதாகத் தோன்றுவது இயல்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் வீட்டிலும் அப்படியே. ஆனால் விளையாட்டு என்பது பிள்ளை செய்யும் வேலை. விதிகளுக்குக் கட்டுப்படவும், தோல்வியைத் தாங்கவும், முறை வரும்வரை காத்திருக்கவும், உடலின் சமநிலையைப் பேணவும் பிள்ளை அங்கேதான் பழகுகிறது.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் கூறியுள்ளது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989 நவம்பர் 20 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் 31 ஆவது உறுப்புரை, ஓய்வெடுப்பதற்கும் விளையாடுவதற்கும் பிள்ளைக்கு உள்ள உரிமையை அங்கீகரிக்கிறது. இலங்கை 1991 ஜூலையில் இச்சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. எனவே விளையாட்டிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. செல்லடியையும் ஓட்டத்தையும் கண்ட பிள்ளைகள் பங்கர் வெட்டியும் சோதனைச்சாவடி வைத்தும் செத்தவீடு நடத்தியும் விளையாடியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பயந்து தடுத்தவர்களும் உண்டு. சொல்லால் சொல்ல முடியாததைப் பிள்ளை விளையாட்டால் சொல்கிறது. 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள் போரைக் காணவில்லை. ஆயினும் தாய் தகப்பனின் மௌனத்திலும் பதற்றத்திலும் அதன் நிழலில் வளர்கிறார்கள். அச்சமின்றி ஓடியாடக் கிடைக்கும் ஒரு மணி நேரம் அவர்களுக்கு மருந்தாகும்.

அழிவின் நடுவே எழுந்த விளையாட்டிடங்கள்

இது சமாதானமும் செல்வமும் உள்ள நாடுகளின் ஆடம்பரம் என்று எண்ணவேண்டாம். உலகில் பேர்பெற்ற விளையாட்டிடங்கள் சில, போரின் நடுவிலும் அதன் இடிபாடுகளிலும் தோன்றியவை.

டென்மார்க் ஜெர்மனியப் படைகளின் பிடியில் இருந்த 1943 ஆம் ஆண்டில், கொப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் ஒரு புதுவகை விளையாட்டிடம் திறக்கப்பட்டது. நிலக்காட்சிக் கலைஞரான சொரன்சன் என்பவர் அதனைத் திட்டமிட்டார். அழகான ஊஞ்சல்களைவிடக் கட்டட வேலைத்தலத்தில் கிடக்கும் பலகையும் கல்லும் மண்ணுமே பிள்ளைகளை ஈர்க்கின்றன என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே பழைய பலகை, பெட்டி, கயிறு, மண் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்களே கட்டிப் பிரித்து விளையாட விட்டார்கள். பொறுப்பாக ஒரு பெரியவர் அங்கு இருந்தார். போர் முடிந்தபின் 1946 இல் அதனைப் பார்வையிட்ட ஆங்கிலப் பெண்மணி லேடி அலன், லண்டனில் குண்டு விழுந்து வெறுமையான வளவுகளில் அத்தகைய இடங்கள் அமைய வழிசெய்தார்.

நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் 1947 இல் கட்டடக் கலைஞர் அல்டோ வான் ஐக் முதலாவது சிறிய விளையாட்டிடத்தை அமைத்தார். ஒரு மணல் தொட்டி, சில இரும்புக் கம்பிகள், ஏறிக் குதிக்கச் சில கற்கள், இருக்கச் சில வாங்குகள், நிழலுக்கு மரம், பெரும்பாலும் இவ்வளவுதான். அதைக் கண்ட மற்றைய தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகரசபைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1978 வரையில் அந்நகரில் 700 க்கு மேற்பட்ட இடங்கள் அமைந்தன. கேட்டவர்கள் சாதாரண குடிமக்கள் என்பது நாம் கவனிக்கவேண்டிய ஒன்று.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் பின்னால் நின்றார்கள். சுற்றுக் கிராமங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு அழைத்து வரப்பட்டு, மண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் ஒன்றாக விளையாடினார்கள். பெரியவர்கள் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சிய காலம் அது.

பெற்றோரின் அச்சம் நியாயமானது

பிள்ளையை வெளியே விடத் தயங்கும் பெற்றோரைக் குறைசொல்ல மாட்டோம். வடக்கின் சில பகுதிகளில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. பணியும் பெருமளவு முன்னேறியுள்ளது. ஆயினும் வெடிக்காத பொருள்கள் மழைக்கும் உழவுக்கும் மேலே வரக்கூடும். இவற்றோடு கட்டில்லாத கைவிடப்பட்ட கிணறுகளும், வாய்க்காலும், பாம்பும், மாலையில் வரும் யானையும், வேகமாக ஓடும் வாகனங்களும் இருக்கின்றன. பெண்பிள்ளைகளைப் பற்றிய பயம் வேறு.

ஆனால் இவ்வச்சங்கள் அனைத்தும் விளையாட்டிடம் வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல. வேண்டும் என்பதற்கான காரணங்களே. விளையாடுவதைத் தடுத்தாலும் பிள்ளை விளையாடத்தான் போகிறது. எங்கே விளையாடும் என்பதை மட்டுமே நம்மால் தீர்மானிக்க முடியும்.

இடத்தைத் தெரிவு செய்தல்

எவ்வளவு காணி தேவை? 2 பரப்பு இருந்தால் தொடங்கலாம். அது ஏறக்குறைய 74 அடி நீளமும் 74 அடி அகலமும் கொண்ட நிலம். சிறுவர்கள் ஆடும் கிளித்தட்டுக்கும், மணல் தொட்டிக்கும், ஊஞ்சலுக்கும், நிழலில் தாய்மார் இருப்பதற்கும் அதில் இடமுண்டு. கிரிக்கெட்டும் கரப்பந்தாட்டமும் விளையாடும் இளைஞருக்கு வேறு மைதானம் தேவை. இரண்டையும் ஒன்றாக்கினால் சிறு பிள்ளைகள் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள்.

தெரிவு செய்யும்போது பின்வருவனவற்றைப் பாருங்கள்.

முதலாவது, நிலம் மிதிவெடி அற்றது என்பதை வாய்ச்சொல்லால் ஏற்கவேண்டாம். பிரதேச செயலகத்தின் ஊடாக விசாரித்து உறுதிசெய்யுங்கள். சிவப்புப் பலகையோ மண்டையோட்டுப் படமோ உள்ள இடத்துக்கு அருகில் போகவேண்டாம். ஐயத்துக்கிடமான பொருள் கண்டால் தொடாமல், எறியாமல், எரிக்காமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டும். இதனைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

இரண்டாவது, குறைந்தது மூன்று நான்கு வீடுகளின் முற்றத்திலிருந்து அந்த இடம் தெரியவேண்டும். உயர்ந்த தகர வேலியைவிடப் பெரியவர்களின் பார்வை நல்ல காவல். முன்பள்ளிக்கோ சனசமூக நிலையத்துக்கோ அருகில் அமைந்தால் மிக நன்று.

மூன்றாவது, பிரதான வீதியைக் கடக்காமல் பிள்ளைகள் வரக்கூடியதாக இருக்கவேண்டும். கிணறு அருகில் இருந்தால் கட்டும் மூடியும் இருக்கவேண்டும்.

நான்காவது, மாரியில் வெள்ளம் நில்லாத மேட்டு நிலமாக இருக்கவேண்டும்.

ஐந்தாவது, நிழல். நிற்கும் வேம்பையோ நாவலையோ தறிக்காமல் அதைச் சுற்றித் திட்டமிடுங்கள். தென்னைக்கும் பனைக்கும் கீழே வேண்டாம், காய் விழும். மாரி தொடங்கும்போது பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை எல்லையில் நட்டால் செலவில்லாமல் வேலியாகும். அலரி, காட்டாமணக்கு, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றை அங்கே வைக்கவேண்டாம். அவற்றின் விதைகள் நஞ்சு. சிறு பிள்ளைகள் வாயில் போடுவார்கள்.

எதை அமைக்கலாம்?

வர்ணம் பூசிய இரும்புச் சறுக்கியும் இராட்டினமும் வந்தால்தான் பூங்கா என்று காத்திருக்கவேண்டாம். நன்கொடையாகக் கிடைத்த இரும்புப் பொருள்கள் இரண்டு மூன்று மாரிக்குள் துருப்பிடித்து, கூர் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பல இடங்களில் காண்கிறோம். வெயிலில் நிற்கும் தகரச் சறுக்கி தோலைச் சுடும். ஊரில் கிடைப்பதையும் ஊரார் திருத்தக்கூடியதையும் கொண்டு தொடங்குவதே நிலைக்கும்.

மணல் தொட்டி: 10 அடிக்கு 10 அடி போதும். ஓரத்துக்குப் பனங்குற்றி அல்லது கல். மணல் ஏற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச செயலகத்தில் வழியைக் கேட்டறியுங்கள். நாய், பூனை அசுத்தம் செய்யாதபடி இரவில் பழைய வலையால் மூடி, காலையில் வாரிவிடவேண்டும்.

ஊஞ்சல்: உறுதியான கிளையோ நன்றாக நாட்டிய மரச்சட்டமோ தேவை. இருக்கைக்குக் கனத்த பலகையோ இரும்போ வேண்டாம். ஆடிவரும்போது பிள்ளையின் தலையில் அடிக்கும். பழைய டயர் நல்லது. கம்பி வெளியே நீட்டாத டயராகப் பார்த்து, அடிப்பக்கத்தில் துளைகள் இடுங்கள். துளை இல்லாவிட்டால் மழைநீர் தங்கி டெங்கு நுளம்பு பெருகும். ஊஞ்சல் கட்டிய உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் முன்னும் பின்னும் வெறுமையாக இருக்கவேண்டும். 8 அடி உயரத்தில் கட்டினால் முன்னுக்கு 16 அடி, பின்னுக்கு 16 அடி. தும்புக் கயிறு மழையில் உக்கும். மாதமொரு முறை கயிற்றைச் சோதியுங்கள்.

ஏறி இறங்கும் சட்டம்: உயரம் 4 அடிக்கு மேற்படாமல் இருக்கட்டும். கீழே 9 அங்குல ஆழத்துக்கு இளகிய மணலும், சுற்றிவர 6 அடிக்குத் தடையற்ற வெளியும் வேண்டும். சீமெந்து நிலத்தின்மேல் எதையும் நாட்டக்கூடாது. படிகளுக்கும் கம்பிகளுக்கும் இடையிலான வெளி 3½ அங்குலத்துக்குக் குறைவாகவோ 9 அங்குலத்துக்குக் கூடுதலாகவோ இருக்கவேண்டும். இடைப்பட்ட அளவில் பிள்ளையின் உடல் புகுந்து தலை சிக்கிக்கொள்ளும்.

வெறும் நிலம்: இதையே மறந்துவிடுகிறோம். கிளித்தட்டு, எட்டுக்கோடு, கிட்டி, போளை, சடுகுடு, ஒளித்துப் பிடித்தல் ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை. நிழலில் கொக்கான் வெட்டவும் நாயும் புலியும் ஆடவும் ஒரு திண்ணை போதும். இவ்விளையாட்டுகளைப் பிள்ளைகள் அறியாவிட்டால் கற்றுக்கொடுக்க அப்பாச்சியும் அம்மப்பாவும் இருக்கிறார்கள். வேறுவேறு ஊரார் சேர்ந்த குடியேற்றத்தில், ஒரே விளையாட்டை ஒவ்வோர் ஊரும் எப்படி ஆடியது என்று பேசத் தொடங்கினாலே பெரியவர்களுக்கிடையிலும் பழக்கம் உண்டாகும்.

பலகைத் துண்டு, சிரட்டை, பனங்குரும்பை வண்டில், பழைய பெட்டி ஆகியவற்றையும் விட்டுவையுங்கள். ஆணிகளை மட்டும் கழற்றிவிடுங்கள். கிருமிநாசினிப் போத்தல்களும் உரப்பைகளும் கழுவியிருந்தாலும் பிள்ளைகளின் கைக்குப் போகக்கூடாது. தோட்டக்காரரின் வீடுகளில் இது மிகவும் கவனிக்கவேண்டிய விடயம்.

யாரும் வெளியே நிற்கக்கூடாது

அமைத்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளே நிறைந்திருப்பார்கள். பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பாள். சிறு பிள்ளைகளுக்கு ஒரு மூலையும், பெண்பிள்ளைகளுக்கென்று உறுதியான நேரமும், அருகில் ஒரு மலசலகூடமும் இருந்தால் நிலைமை மாறும். காலிழந்த பிள்ளையும் பார்வை குறைந்த பிள்ளையும் வருவதற்கு வாசலில் படி வேண்டாம். இறுகிய மண் சரிவாக இருக்கட்டும். மணல் தொட்டியின் ஒரு பக்கத்தை மேசை உயரத்துக்கு எழுப்பினால் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் கை வைத்து விளையாடும்.

பிள்ளைக்கு எவராலும் துன்பம் நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், ஊர் மானம் என்று மூடவேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். விழுந்து பலத்த காயம், பாம்புக்கடி என்றால் நோயாளர் காவு வண்டிக்கு 1990.

காணியைப் பத்திரப்படுத்துங்கள்

நல்ல மனதோடு வாயால் விட்டுக்கொடுத்த காணி நிலைக்காது. பத்து வருடத்தில் வேலி நகரும், அல்லது அதில் ஒரு கட்டடம் எழும். அரச காணியாயின், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியிருப்புக்கு மட்டுமன்றிக் கிராமத்தின் பொதுத் தேவைகளுக்கும் நிலத்தை வகுத்து ஒதுக்க இடமளிக்கிறது. காணிக் கச்சேரிக்கு முன்னரே கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கூடித் தீர்மானம் எடுத்து, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். வரைபடத்தில் அந்தத் துண்டு "சிறுவர் விளையாட்டிடம்" என்று குறிக்கப்படும்வரை விடவேண்டாம். கடிதத்தின் பிரதியும் தீர்மானத்தின் பிரதியும் சங்கத்தின் கோவையில் இருக்கட்டும். தனியார் ஒருவர் கொடுத்தால் நொத்தாரிசு மூலம் எழுதி முடிக்கவேண்டும்.

பிரதேச சபையையும் மறவாதீர்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் வசதியையும் நலனையும் கவனிக்கும் கடமையைச் சபைக்கு அளித்துள்ளது. 2018 க்குப் பின் 2025 மே 6 இல்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர்களை இப்போது கூட்டத்துக்கு அழைத்து, இடத்தைக் காட்டி, அடுத்த வரவுசெலவில் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல் முகாமிலோ உறவினர் வளவிலோ இருப்பவர்களும் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் இடத்தில் ஒரு மரநிழலைத் துப்புரவாக்கி, மாலையில் ஒரு மணி நேரம் ஒரு பெரியவரை இருத்தினால் அதுவும் விளையாட்டிடமே. திரும்பிப் போகும் நாளுக்காகப் பிள்ளையின் வயது காத்திருக்காது.

பராமரிப்பு

தொடங்குவது எளிது; மூன்றாம் வருடத்தில்தான் சோதனை வரும். மாதத்தில் ஒரு சிரமதானம் வைத்து, புல்லை வெட்டி, கயிறு, ஆணி, மணல் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். மாலையில் இரண்டு பெற்றோர் முறைவைத்து இருக்கவேண்டும். தகப்பன்மாரும் அம்முறையில் சேரவேண்டும். யானை வரும் ஊர்களில் இருட்டுவதற்கு முன் எல்லோரும் வீடு திரும்பவேண்டும். விதிகளைப் பிள்ளைகளே பேசி முடிவுசெய்து பலகையில் எழுதட்டும். தாங்கள் எழுதிய விதியை அவர்கள் காப்பார்கள்.

வருகிற சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி கேளுங்கள். காணி வரைபடத்தை மேசையில் விரித்து, ஊரின் நடுவே எந்த 2 பரப்பு என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். வேலிக்குக் கதியால் தர யார் யார் ஆயத்தம் என்று அன்றைக்கே பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.